பலகை வந்தாயிற்று, சாலை?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸிலிருந்து லாஸ் வேகஸ் போகும் வழியில் விக்கன்பர்க் ஊரைத் தாண்டி வடக்கே ஏறினால், யூ.எஸ். 93 சாலையோரம் ஒரு பலகை வரும். ‘எதிர்கால இன்டர்ஸ்டேட் 11 வழித்தடம்’ என்று ஆங்கிலத்தில் எழுதி நட்டு வைத்திருக்கிறார்கள். இன்டர்ஸ்டேட் என்றால் குறுக்குச் சாலையோ சிக்னலோ இல்லாத தேசியப் பெருஞ்சாலை, சுருக்கமாக ‘ஐ’ என்பார்கள். அது அங்கே நிற்க ஆரம்பித்துப் பத்து வருடம் இருக்கும். போன நவம்பரில் அப்பா அதை நிதானமாகப் படித்துவிட்டு, “எதிர்காலம்னா எப்போடா?” என்றார். எனக்குத் தெரியவில்லை. முன்னால் பதினெட்டுச் சக்கர லாரி ஒன்று போய்க்கொண்டிருந்ததால் யோசிக்கவும் நேரமில்லை.

ஃபீனிக்ஸ் பக்கம் சாண்ட்லரில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஊரிலிருந்து பெரியவர்கள் வந்தால் கிராண்ட் கேன்யன், ஹூவர் அணை, லாஸ் வேகஸ் மூன்றையும் காட்டியே ஆகவேண்டும். இல்லாவிட்டால் ஊர் திரும்பியதும் சொந்தக்காரர்கள் முன்னால் அவர்களுக்குத் தலைகுனிவு. அப்பா அம்மா, மாமனார் மாமியார், சித்தப்பா, அப்புறம் யார் யாரோ. அந்தச் சாலையில் பத்துப் பன்னிரண்டு முறையாவது போய் வந்திருப்பேன்.

ஃபீனிக்ஸிலிருந்து வேகஸுக்குச் சுமார் 300 மைல். விக்கன்பர்க்கில் தொடங்கி ஐ-40 நெடுஞ்சாலையைத் தொடும்வரை உள்ள 108 மைல்தான் அதில் வயிற்றைக் கலக்கும் பகுதி. பெரும்பாலான இடங்களில் இப்போது நான்கு வழி போட்டுவிட்டார்கள், போகும் பாதையும் வரும் பாதையும் தனித்தனி. மிச்சம் துண்டு துண்டாகக் கிடக்கிறது. நிம்மதியாக ஓட்டிக்கொண்டே போவோம், திடீரென்று இரண்டு பாதையும் ஒன்றாகிவிடும். நடுவில் இரட்டை மஞ்சள் கோடு மட்டும். எதிரே லாரி 65 மைல் வேகத்தில் வருகிறது, நாமும் 65-இல் போகிறோம், இடையில் இருப்பது பெயின்ட். பின்னால் வருகிறவருக்கோ வேகஸ் போக அவசரம். அந்தத் தடவை ஒரு வெள்ளை பிக்கப், மேட்டுக்கு முன்னாலேயே வெளியே எடுத்து எங்களைத் தாண்டியது. அப்பாவின் வலது கால் தானாக நீண்டு, இல்லாத பிரேக்கை மிதித்தது. அதற்கப்புறம் அவர் ஜாஷுவா மரங்களைப் பார்க்கவில்லை. சாலையோரச் சிலுவைகளை எண்ண ஆரம்பித்துவிட்டார். விபத்தில் இறந்தவர்களுக்காக வீட்டார் நட்டு, பிளாஸ்டிக் பூ சுற்றிவிட்டுப் போகும் சிறிய சிலுவைகள். விக்கியப் என்ற சிற்றூர் வருவதற்குள் பதினான்கு எண்ணினார்.

அதைத் தாண்டினால் கிங்மன். ஐ-40-இலிருந்து இறங்கி மறுபடி 93-ஐப் பிடிக்க ஊருக்குள் ஒரு சிக்னல் விளக்கைக் கடக்க வேண்டும். சாதாரண நாளில் ஒன்றும் தெரியாது. தேங்க்ஸ்கிவிங் விடுமுறையில், இரண்டு மாநிலங்களுக்கு நடுவே ஓடும் மொத்த வண்டியும் அந்த ஒரு விளக்குக்கு முன்னால் நிற்கும். நாங்கள் நாற்பது நிமிடம் நின்றோம். அம்மா எலுமிச்சை சாதத்தைப் பிரித்து அங்கேயே எல்லோருக்கும் கொடுத்து முடித்தார்.

இவ்வளவு பெரிய இரண்டு நகரங்களுக்கு நடுவே ஏன் இப்படி ஒரு சாலை? காரணம் ஒன்றும் மர்மமில்லை. ஐசன்ஹோவர் 1956-இல் கையெழுத்திட்ட சட்டத்தின் கீழ் நாடு முழுக்க 41,000 மைல் இன்டர்ஸ்டேட் போடத் திட்டமிட்டபோது இந்த இரண்டு ஊரும் சின்ன ஊர்கள். 1950 கணக்கெடுப்பில் ஃபீனிக்ஸில் இருந்தது 1,06,818 பேர். வேகஸில் 24,624 பேர், நம்மூர்க் கணக்கில் ஒரு பேரூராட்சி. இரண்டையும் இணைக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றியிருக்கும்? இன்று ஃபீனிக்ஸ் மட்டுமே 16 லட்சம், நாட்டின் ஐந்தாவது பெரிய நகரம். வேகஸ் இருக்கும் கிளார்க் கவுன்டியில் 22 லட்சத்துக்கும் மேல். சாலை வரைபடம் மட்டும் ஐசன்ஹோவர் காலத்திலேயே நின்றுவிட்டது.

2012-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இந்த வழித்தடத்துக்கு இன்டர்ஸ்டேட் 11 என்று பெயர் வைத்தது. இந்த எண்ணே கொஞ்சம் கோணல். ஒற்றைப்படை எண்கள் வடக்கு தெற்காக ஓட வேண்டும், மேற்கிலிருந்து கிழக்கே போகப்போக எண் கூட வேண்டும் என்பது விதி. அப்படிப் பார்த்தால் 11 என்பது வேகஸ் வழியாகப் போகும் ஐ-15-க்கு மேற்கே இருக்க வேண்டும். வேகஸிலிருந்து ஃபீனிக்ஸ் வரும் இந்தப் பாதை 15-க்குக் கிழக்கே கிடக்கிறது. சரி, அதை விடுங்கள்.

2015-இல் இன்னொரு சட்டம் வந்தது. அது இந்த 11-ஐத் தெற்கே மெக்சிகோ எல்லையில் உள்ள நொகாலஸ் வரைக்கும், வடக்கே, வேகஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தின் உள்பகுதிக்கும் இழுத்துவிட்டது. என் சண்டை முக்கியமாக இந்தத் தெற்கு இழுப்போடுதான்.

என்னோடு வேலை பார்க்கும் மதுரைக்காரர் ஒருவர் இருக்கிறார். எனக்கு மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். மதியச் சாப்பாட்டு மேசையில் இந்த விஷயத்தை எடுத்தால் அவருக்குச் சாப்பாடு ஆறிப்போகும். “ஏம்ப்பா, ரோடு வந்தா ஊரு வளரும். இதுல என்ன விவாதம் இருக்கு? நொகாலஸ் வழியா தக்காளி, வெள்ளரி, குடைமிளகாய் எல்லாம் லாரி லாரியா வருது. மெக்சிகோவுல ஃபேக்டரி வருது. இங்க நம்ம சிப் ஃபேக்டரி இருக்கு, வடக்க தைவான்காரன் இன்னொண்ணு கட்டுறான். மெக்சிகோவுல ஏத்துனா கனடா வரைக்கும் ஒரே ரோட்டுல போகணும். நீ பதினோரு மணிக்கு ஐ-10-ல டூசான் போயிருக்கியா?”

போயிருக்கிறேன். ஃபீனிக்ஸிலிருந்து தெற்கே டூசான் நகரத்துக்குப் போகும் ஐ-10 என் வீட்டிலிருந்து பத்து நிமிடம். கீலா ரிவர் பழங்குடி நிலத்துக்குள் சுமார் 26 மைலுக்குப் போக இரண்டு, வர இரண்டு வழிதான். கோடையில் புழுதிப்புயல் எழுந்தால் முன்னால் போகும் வண்டியின் பின்விளக்குகூடத் தெரியாது. அண்ணன் சொல்வதில் தப்பில்லை, நெரிசல் உண்மை. ஆனால் அந்த 26 மைலை அகலப்படுத்தும் வேலை இந்த 11-க்காகக் காத்திருக்கவில்லை, தனியாகவே நடந்துகொண்டிருக்கிறது. கிங்மன் விளக்கும் அப்படித்தான். ஐ-40-ஐயும் 93-ஐயும் நேரடியாக இணைக்கும் மேம்பாலத்துக்கு 2024-இல் வேலை தொடங்கிவிட்டது. விக்கன்பர்க்குக்கு வடக்கே குறுகிக் கிடந்த நான்கைந்து மைலையும் எடுத்து அகலப்படுத்தினார்கள். இதில் எதற்கும் இன்டர்ஸ்டேட் என்று காட்டும் நீலமும் சிவப்பும் பூசிய கேடயப் பலகை தேவைப்படவில்லை.

“அதெல்லாம் ஒட்டுப்போடுற வேலைப்பா” என்றார் அண்ணன். ஒட்டுப் போட்டால் ஓட்டை அடைபடுமா இல்லையா என்பதுதானே கேள்வி?

ஒருநாள் பேப்பர் நாப்கினில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அந்த 108 மைலை 65 வேகத்தில் ஓட்டினால் 100 நிமிடம் ஆகும். இன்டர்ஸ்டேட் ஆக்கி 75 வேகம் அனுமதித்தால் 86 நிமிடம். ஆக மிச்சமாவது பதினான்கு நிமிடம், வேகஸில் கார் நிறுத்த இடம் தேடவே அதைவிட அதிகம் ஆகும். அதனால் நேரம் மிச்சம் என்று சொல்லிக்கொண்டு யாரும் இந்தச் சாலையை விற்க வேண்டாம். எதிரெதிரே வரும் வண்டிகளைப் பிரிப்பதற்காகப் போடுகிறோம் என்று சொன்னால் நான் முதல் ஆளாகக் கை தூக்குவேன். மிச்சமிருக்கும் துண்டுகளை நான்கு வழியாக்கினால் அந்த வேலை முடிந்துவிடும். முழு இன்டர்ஸ்டேட் என்றால் அதற்கு மேல் ஒவ்வொரு பண்ணை வாசலையும் அடைத்து, குறுக்குச் சாலைக்கெல்லாம் பாலம் போட்டு, விக்கியப் மாதிரி சிற்றூர்களைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். பாலைவனத்தில் தன் வாசலிலிருந்து ரோட்டுக்கு வர ஒருவர் பல மைல் சுற்ற நேரிடும்.

நெவாடாக்காரர்கள் வேறு மாதிரி செய்தார்கள். கொலராடோ ஆற்றுக்கு மேல் பாலம் 2010-லேயே வந்துவிட்டது. அதற்கு முன்பு ஹூவர் அணைக்கட்டின் மேலேயே வண்டி போகும். 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு பாதுகாப்புக் காரணத்தால் அணைமேல் லாரிகளைத் தடை செய்ததில், அவை லாஃப்லின் பக்கம் சுற்றிக்கொண்டு போயின. அந்தப் பாலத்தின் தேவையை யாரும் கேள்வி கேட்கவில்லை. ஆற்றிலிருந்து கிட்டத்தட்ட 900 அடி உயரம், நடந்து போகப் பாதை உண்டு. அப்பா பாதித் தூரம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். போல்டர் சிட்டியைச் சுற்றி 15 மைல் புறவழிச்சாலை 2018-இல் திறந்தார்கள், அது உண்மையிலேயே புதிதாகப் போட்ட 11. அதன் பிறகு வேகஸுக்குள் ஏற்கெனவே இருந்த ஐ-515-இன் பலகைகளைக் கழற்றிவிட்டு 11 என்று மாட்டிக்கொண்டார்கள். சாலை அதேதான், நெரிசலும் அதேதான். பலகை மாற்றுவது மலிவான வேலை என்பதால் அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

தெற்கே வருவோம். நொகாலஸிலிருந்து விக்கன்பர்க் வரை சுமார் 280 மைல். 2021 நவம்பரில் மத்திய நெடுஞ்சாலைத் துறை இதற்கான முதல்கட்டச் சுற்றுச்சூழல் ஆய்வை முடித்து முடிவை அறிவித்தது. சாலை எங்கே போகும் என்பது அல்ல அந்த முடிவு. 2,000 அடி அகலத்துக்கு ஒரு பட்டையை வரைந்து, அதற்குள் எங்காவது என்று விட்டார்கள். டூசான் பக்கம் மட்டும் இரண்டு பட்டைகள். ஒன்று, நொகாலஸிலிருந்து டூசான் வரும் ஐ-19, பிறகு ஐ-10 என்று இருக்கும் சாலைகள் வழியாகவே ஊரைக் கடப்பது. மற்றொன்று டூசான் மலைகளுக்கு மேற்கே, ஆவ்ரா பள்ளத்தாக்கில் புத்தம் புதிதாக ஒன்று. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அடுத்த ஆண்டே பாலைவனப் பாதுகாப்பு அமைப்புகள் நான்கு சேர்ந்து வழக்குப் போட்டன.

(ஐ-19 பற்றி ஒரு கொசுறு. அமெரிக்காவிலேயே கிலோமீட்டரில் தூரம் காட்டும் ஒரே இன்டர்ஸ்டேட் அது. வேகம் மட்டும் மைலில் எழுதியிருக்கும். முதல்முறை போனபோது அப்பாவுக்குத்தான் சந்தோஷம், “இப்பத்தான் எனக்குத் தூரம் புரியுது” என்றார்.)

ஆவ்ரா பள்ளத்தாக்கில் பிக்சர் ராக்ஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. என் பழைய மேலாளர் பணி ஓய்வு பெற்று அங்கே வீடு வாங்கிப் போய்விட்டார். ராத்திரியில் நட்சத்திரம் பார்ப்பதற்காகவே. அந்தப் பக்கம் இருட்டு அவ்வளவு அடர்த்தி. தொலைநோக்கிகள் வரிசையாக நிற்கும் கிட் பீக் மலை தென்மேற்கே தெரியும். ஒரு பக்கம் சவாரோ தேசியப் பூங்கா, இன்னொரு பக்கம் அயர்ன்வுட் காடு. போயிருந்தபோது தன் மனைக்குள் ஒரு பாலோ வெர்டி மரத்தடிக்குக் கூட்டிப்போய், குனிந்து, தரையில் எதையோ காட்டினார். முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் பார்த்தால், சுள்ளிகளுக்கு நடுவே கட்டைவிரல் உயரத்தில் பச்சையாக ஒன்று, மேலெல்லாம் முள். சவாரோக் கள்ளி. முதல் எட்டு வருடத்தில் ஒன்றரை அங்குலம் வளர்ந்தால் பெரிது. மரத்தின் நிழல் இல்லாவிட்டால் கருகிவிடும். படங்களில் பார்க்கிற மாதிரி கை விடுவதற்கு ஐம்பது, எழுபத்தைந்து வருடம் வேண்டும். “நான் இங்கே குடிவந்த வருஷமே இது முளைத்திருக்கணும்” என்றார் அவர்.

கள்ளிக்காக நெடுஞ்சாலையை நிறுத்த முடியுமா என்று மதுரை அண்ணன் கேட்பார், கேட்டார். கள்ளியை விட்டுவிடுகிறேன், தண்ணீருக்கு வருகிறேன். டூசான் குடிக்கும் தண்ணீர் கொலராடோ ஆற்றிலிருந்து 336 மைல் நீளக் கால்வாயில் வருகிறது. 1992-இல் அதை அப்படியே குழாயில் விட்டார்கள். பழைய குழாய்களின் துருவெல்லாம் பெயர்ந்து, வீடுகளில் பழுப்புத் தண்ணீர் கொட்டியது. ஊரே கொதித்தெழுந்து, இரண்டு வருடத்தில் நிறுத்தினார்கள். இப்போது அந்தத் தண்ணீரை ஆவ்ரா பள்ளத்தாக்கில் பரந்த குட்டைகளில் விட்டு, மண்ணுக்குள் இறங்கவைத்து, நிலத்தடி நீரோடு கலந்து மறுபடி இறைக்கிறார்கள். ஐந்து லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரத்தின் கிணறு அது. அதன் பக்கத்தில் ரசாயன டேங்கர் போகும் சாலை வேண்டுமா என்று டூசான் நகராட்சியே கேட்கிறது. அந்தப் பகுதி நிர்வாகமான பீமா கவுன்டி 2007-லேயே புதிய சுற்றுவழி வேண்டாமென்று தீர்மானம் போட்டுவிட்டது.

இன்னொன்று கேட்டால் சிரிப்புதான் வரும். அந்தக் கால்வாய் வெட்டியபோது விலங்குகள் கடந்துபோக வழியில்லை என்று, பரிகாரமாக மத்திய அரசே 1990-இல் சுமார் 2,500 ஏக்கர் வாங்கி, இனி இங்கே எதுவும் கட்டக்கூடாது என்று ஒதுக்கியது. சில இடங்களில் கால்வாயை மண்ணுக்கடியில் இறக்கி, மேலே மான் போக விட்டிருக்கிறார்கள். மேற்குப் பட்டை அந்த நிலத்தின் வழியாகத்தான் போகிறது. பழைய பாவத்துக்குச் செய்த பரிகாரத்தின் மேலேயே புதிய பாவம்!

அப்படியானால் ஊருக்குள்ளேயே ஐ-10-ஐ அகலப்படுத்தலாமே என்றால், அதுவும் இனாம் இல்லை. அறுபதுகளின் கடைசியில் மாநாட்டு மண்டபம் கட்டுகிறோம் என்று டூசான் நடுவே மெக்சிகோ வம்சாவளியினரும் மற்றவர்களும் வாழ்ந்த தெருக்களை வரிசையாக இடித்தார்கள். மிச்சமிருக்கும் மண்சுவர் வீடுகளுக்குப் பக்கத்தில்தான் நெடுஞ்சாலை ஓடுகிறது. இன்னும் இரண்டு வழி சேர்த்தால் யார் வீட்டுச் சுவர் போகும் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். இதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. இருக்கிற வழிகளிலேயே நேரம் பார்த்து லாரிகளை விடலாம், ரயிலில் ஏற்றலாம். ஃபீனிக்ஸுக்கு 1996-க்குப் பிறகு பயணிகள் ரயிலே கிடையாது என்பது ஊரில் சொன்னால் யாரும் நம்பாத விஷயம். டூசானுக்கு ரயில் விடலாமா என்று ஆராய 2023 கடைசியில் ஐந்து லட்சம் டாலர் கொடுத்திருக்கிறார்கள். ஆராயத்தான்.

ஃபீனிக்ஸுக்கு மேற்கே வேறொரு கதை. அங்கே 11 வரப்போவது பக்கை ஊரைச் சுற்றி, ஹசயாம்பா பள்ளத்தாக்கு வழியாக. இன்று அங்கே போனால் பெரும்பாலும் காலி நிலம்தான். அதில் 37,000 ஏக்கரில் ஒரு லட்சம் வீடு வரை கட்டும் திட்டம் ஒன்று இருக்கிறது, டெரவாலிஸ் என்று பெயர். ரோடு வந்தால் ஊர் வளரும் என்று அண்ணன் சொன்னது இங்கே அட்சரசுத்தமாகப் பொருந்தும். ஆனால் ஃபீனிக்ஸ் சுற்றுவட்டாரத்தில் புதிதாக மனை பிரிக்க, நூறு வருடத்துக்குத் தண்ணீர் இருக்கிறது என்று காட்ட வேண்டும். 2023-இல் ஆளுநர் கேட்டி ஹாப்ஸ் நிலத்தடி நீர்க் கணக்கை வெளியே விட்டார். அவ்வளவு தண்ணீர் பூமிக்குள் இல்லை, நிலத்தடி நீரை மட்டும் நம்பிப் புதிய மனைகளுக்கு அனுமதி கிடையாது என்றார்கள். ஹசயாம்பா பக்கமும் அதே நிலைதான். தண்ணீர் இல்லாததால் புதிய மனை இல்லை. வீடே அதிகம் இல்லாத இடத்துக்கு எத்தனை வழிச் சாலை வேண்டும்? ஆனால் சாலையைப் போட்டுவிட்டால், ‘இவ்வளவு செலவு செய்தாயிற்று, தண்ணீரையும் எங்கிருந்தாவது கொண்டுவாருங்கள்’ என்று கேட்பார்கள். அதுதான் எனக்குப் பயம்.

செலவு என்றதும் ஞாபகம் வருகிறது. அரிசோனாவில் சுங்கச்சாவடியே கிடையாது. “ஒரு டோல்கேட்டுகூட வரலியே” என்று அப்பா வழியெல்லாம் ஆச்சரியப்பட்டார். சாலைக்குப் பணம் பெட்ரோல் வரியிலிருந்து வருகிறது. மாநில வரி கேலனுக்கு 18 சென்ட், 1991-இல் வைத்தது. மத்திய வரி 18.4 சென்ட், 1993-இல் வைத்தது. முப்பது வருடத்துக்கு மேலாக இரண்டையும் யாரும் தொடவில்லை. அந்தப் பையிலிருந்துதான் 93-இன் மிச்சத் துண்டுகளும் வரவேண்டும், 280 மைல் புதுச் சாலையும் வரவேண்டும். இரண்டையும் ஒரே பெயரில் ஒரே பொட்டலமாகக் கட்டினால், சிலுவைகளைக் காட்டிக் கேட்ட பணம் ஹசயாம்பாவுக்குப் போய்விடாது என்று யார் உத்தரவாதம் கொடுப்பார்கள்?

திரும்பி வரும்போது இதையெல்லாம் அப்பாவிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். எங்கள் ஊர் அரூர் பக்கம். 2018-இல் சென்னை–சேலம் எட்டுவழிச் சாலைக்குக் கல் நட்டுக்கொண்டு போனார்களே, அந்த வழி. எங்கள் நிலம் தப்பியது. இரண்டு வயல் தள்ளி உறவுக்காரர் நிலத்தில் நட்டார்கள். 2019-இல் உயர்நீதிமன்றம் நிலம் எடுக்கும் அறிவிப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்சநீதிமன்றம், வேண்டுமானால் புதிதாக அறிவிக்கலாம் என்றது. சாலை வரவில்லை, வராது என்றும் யாரும் சொல்லவில்லை.

அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் வந்தார். அப்புறம், “ரோடு போட்டா ஒரு கணக்கு, போடலைன்னா ஒரு கணக்கு. கல்லு நட்ட நிலத்துல எவனும் கிணறு வெட்டமாட்டான். பொண்ணு கேட்டு வர்றவன்கூட அந்த நிலத்தை எண்ணமாட்டான்” என்றார்.

பிக்சர் ராக்ஸ்காரர் போன வருடம் கூரை மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தது அப்போது ஞாபகத்துக்கு வந்தது. மாற்றினாரா என்று அடுத்த வாரம் கேட்டேன். இல்லை, ஒழுகும் இடத்தில் மட்டும் தார் ஷீட் போட்டிருக்கிறாராம். வழக்கு முடியட்டும், பட்டை எந்தப் பக்கம் போகிறது என்று தெரியட்டும் என்றார்.

இந்தத் தேங்க்ஸ்கிவிங்குக்கு மாமனார் மாமியார் வருகிறார்கள். மறுபடி ஹூவர் அணை, மறுபடி வேகஸ். கிங்மன் மேம்பாலம் அதற்குள் திறந்துவிட்டால் நல்லது, இல்லாவிட்டால் விடிகாலை நாலு மணிக்கே கிளம்பிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். எலுமிச்சை சாதம் இந்த முறை என் மனைவியின் பொறுப்பு.